தூத்துக்குடியைப் பார்த்த கம்பி

விசில் அடித்தது. குக்கர் விசில்தான், நீளமாக அடித்து, கடைசியில் கொஞ்சம் இருமி அடங்கியது. பின்வாசலில் பலகைக் கட்டையைப் போட்டு உட்கார்ந்து சாளை மீனுக்குச் செதில் சீவிக்கொண்டிருந்த ஞானதிரவியம், ரெண்டு விசில் வந்தா அணைச்சிருங்க என்று ரூபி சொல்லிவிட்டுப் போனாளோ என்று யோசித்தான். சொல்லியிருப்பாள். அவள் சொல்வதில் பாதி அவன் காதில் ஏறுவதில்லை, ராத்திரி முழுக்க ஐஸ் கம்பெனியில் கம்ப்ரசர் பக்கத்தில் நின்றுவிட்டு வருகிற காதுக்கு விடிந்து ஒரு மணி நேரம் வரைக்கும் மனுசக் குரல் பஞ்சுக்குப் பின்னால் இருந்து வருகிற மாதிரிதான் இருக்கும், அந்த ஒரு மணி நேரத்துக்குள்தான் அவள் உப்புக் கம்பெனிக்குக் கிளம்பிப் போக வேண்டும், அதனால் இருபது வருசக் குடித்தனத்தில் முக்காலும் பஞ்சுக்குப் பின்னால்தான் நடந்திருக்கிறது, மீன் வாங்கி வச்சிருக்கேன் உரசி வையுங்க, பூனை வரும் பாத்துக்கோங்க, தூங்குங்க, இவ்வளவுதான் வாசலைத் தாண்டும் வரைக்கும். மறுபடியும் விசில். இரண்டு. மீன் கையை முழங்கையோடு தூக்கிப் பிடித்துக்கொண்டு அடுப்பங்கரைக்குப் போனான். அடுப்பு அணைந்து கிடந்தது. அடுப்பின் மேல் ஒன்றுமே இல்லை. குக்கர் கழுவிக் கவிழ்த்தபடி மேடையில், அதன் விசில் தனியாக ஒரு கிண்ணத்தில் கிடந்தது. அப்போதுதான் இன்னொன்றும் உறைத்தது, வீட்டில் இரைச்சல் இல்லை. முன்னறையில் இருக்கிற, ஊர் விட்டு ஊர் பேசுகிற ஹாம் ரேடியோ செட்டில் எப்போதும் ஒரு இரைச்சல் ஓடிக்கொண்டே இருக்கும், யாரும் பேசாத நேரத்தில் அலைவரிசை சும்மா கொதிக்கிற இரைச்சல், செட் வைத்திருக்கிற மற்றவர்கள் அதைக் குமிழைத் திருகி அடைத்துவைப்பார்கள், இவன் மட்டும் திறந்தே விட்டிருப்பான். அது நின்றிருந்தது. ஐஸ் கம்பெனியில் சத்தம் நின்றால்தான் ஆபத்து. கம்ப்ரசர் ஓடுகிற வரைக்கும் நின்றபடியே கண்ணை மூடலாம், சத்தம் நின்றால் மட்டும் கால் தானாக ஓடும், இப்போதும் அப்படித்தான் ஓடியது, மீன் கையோடு முன்னறைக்கு.

செட்டின் முகப்பில் சிக்னல் கோடுகள் முழுக்க நிறைந்து நின்றன. இரைச்சல் நிற்பதற்கு ஒரே அர்த்தம்தான், எங்கேயோ ஒரு ஆள் மைக்கை அமுக்கிப் பிடித்திருக்கிறான். பேசவில்லை, ஆனால் அமுக்கியிருக்கிறான். அந்த அமைதிக்குள்ளே காது பழகப் பழக, ஒரு மின்விசிறி கிறீச்சிடுவது கேட்டது. மூன்றாவது விசில் அங்கேதான் அடித்தது, செட்டுக்குள்ளே. ஒரு காக்கா. அப்புறம் தொண்டையைச் செருமுகிற ஒரு சத்தம், அதைக் கேட்டதும் ஞானதிரவியத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் செருமலை ஆயிரம் செருமலுக்கு நடுவில் வைத்தாலும் எடுத்துக் கொடுப்பான். பாளையங்கோட்டை நம்பி அண்ணாச்சி. திருமலைநம்பி, மைக் செட் கடை வைத்திருந்தவர், கல்யாணம் சடங்கு கோயில் கொடை என்று நாற்பது வருசம் ஊரார் பேசுவதற்கு மைக் நீட்டினவர், இப்போது தன் மைக்கின் மேலேயே உட்கார்ந்திருக்கிறார். வேறொன்றும் இருக்காது. அந்தப் பிரம்பு நாற்காலியில் மைக்கைப் போட்டுவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போவார், வந்து அதன் மேலேயே உட்காருவார், அழுத்துகிற விசை தொடைக்கு அடியில் மாட்டிக்கொள்ளும், அவர் வீட்டுச் சத்தம் முழுக்க ஆகாயத்தில் ஏறும். செட் வைத்திருக்கிற ஒவ்வொருத்தனுக்கும் ஒரு தடவையாவது நடக்கிற மானக்கேடுதான். ஆனால் ஒன்று, அமுக்கியிருக்கிற வரைக்கும் அவர் செட்டுக்குக் காது கிடையாது. இங்கிருந்து எவ்வளவு கத்தினாலும் அங்கே போய்ச் சேராது. ஒரே நேரத்தில் பேசவும் கேட்கவும் முடியாது என்பதுதான் இந்தச் சாமானின் குணம். இன்னொன்று, பேச்சில்லாமலே கொதித்துக்கொண்டிருக்கிற செட், முதுகுப் பக்கம் சூடேறி, கொஞ்ச நேரத்தில் உள்ளே இருக்கிற கடைசி டிரான்சிஸ்டரைத் தின்றுவிடும். ஞானதிரவியம் முதல் செட்டை அப்படித்தான் கொன்றான், சோதித்துப் பார்க்கிறேன் என்று ரப்பர் பேண்டைப் போட்டு விசையைக் கட்டிவிட்டுச் சாப்பிடப் போனான், திரும்பி வந்தபோது கோழி இறகு பொசுங்கின மாதிரி ஒரு வாடை. அண்ணாச்சியுடைய செட்டுக்கும் வயசு அதிகம். அந்த மாடலுக்கு உதிரி வருவது நின்றுபோய் எத்தனையோ காலம். போன் அடிக்கணும். போன் எங்கே. சட்டைப் பையில். சட்டை எங்கே. கையில் செதில்.

அந்தச் செதில் கையைப் பார்த்துக்கொண்டு அவன் நின்றான். போய்க் கழுவினால் ஆயிற்று. ஆனால் கால் நகரவில்லை, ஏனென்றால் செட்டுக்குள் ஒரு பொம்பளைக் குரல், "சாப்பாட்டை இங்கனயே கொண்டாரவா, எந்திச்சு வாறீங்களா?" என்று கேட்டது. நம்பி அண்ணாச்சி வீட்டில் பொம்பளைக் குரல் கேட்டு மூன்று வருசம் ஆகிறது. அவர் மனைவி ஆண்டாளம்மா இருந்தபோது பின்னால் எப்போதும் ஒரு குரல் இருக்கும், அந்தத் தம்பிய தூங்க விடுங்க பாவம் என்று அந்த அம்மா சொல்வதும், அம்மாவுக்குப் பதில் சொல்வதா இவனுக்குப் பதில் சொல்வதா என்று தெரியாமல் அண்ணாச்சி மைக்கை அமுக்கியபடியே சும்மா இருட்டி என்பதும். இது மகள். கோதை. பெங்களூரில் இருக்கிறவள். நேற்றுக் காலையில் அண்ணாச்சி சொல்லவில்லையே மகள் வரப்போகிறாள் என்று. வழுக்கி விழுந்ததையும் நாலு நாள் கழித்துத்தானே சொன்னார், அதையும் எப்படி, "தம்பி, குளியலறைத் தரைக்கும் எனக்கும் சின்ன மனஸ்தாபம், இப்ப பேசித் தீத்துக்கிட்டோம்" என்று. அன்றைக்கு ஞானதிரவியம் சிரித்தான். சிரித்துவிட்டு, பாயில் படுத்து, பகல் முழுக்க முழித்துக் கிடந்தான். தனியாக ஒரு வீடு, நனைந்த தரை, ஒரு மனுசன் கீழே, பக்கத்து அறையில் செட் மட்டும் இரைந்துகொண்டு. இங்கிருந்து நாற்பது ஐம்பது கிலோமீட்டர். ஒரு தடவை கம்பெனி வேலையாகப் பாளையங்கோட்டைக்குப் போனபோது, பஸ் ஜன்னலில் இருந்து அந்தக் கம்பியைப் பார்த்தான். வீடுகளுக்கு மேலே, தண்ணீர்த் தொட்டிக்கும் மேலே, மீன் முள்ளைக் கம்பத்தின் மேல் படுக்கப் போட்டது மாதிரி ஒரு அலுமினிய ஆன்டெனா, அதன் மூக்கு நேராகக் கிழக்கே. கிழக்கே என்றால் தூத்துக்குடி, தூத்துக்குடி என்றால் தன் வீட்டு மொட்டை மாடி. ஸ்டாப்பில் பஸ் நின்றது. இறங்கவில்லை. ஏன் இறங்கவில்லை என்று எத்தனையோ பகல்களில் பாயில் புரண்டு யோசித்திருக்கிறான். குரலை வைத்து ஒரு முகம் செய்து வைத்திருந்தான், அது போய்விடுமோ என்ற பயமாக இருக்கலாம். அல்லது இவனுக்கென்று அவர் செய்து வைத்திருந்த முகம். அம்மைத் தழும்பும், முன்வழுக்கையும், அம்மோனியா வாடையும் இல்லாத ஒரு முகத்தைத்தான் அவர் தனக்குக் கொடுத்திருப்பார். பஸ் நகர்ந்தது, கம்பி ஜன்னலில் பின்னால் போய்க்கொண்டே இருந்தது, மறுநாள் காலையில் எதையும் சொல்லாமல், "என்ன அண்ணாச்சி, சிக்னல் அருமையா இருக்கே" என்றான். "பின்ன, மோட்டார் செத்துக் கம்பி ஒன் பக்கமே நின்னு போச்சுல்லா" என்றார் அவர். அந்தக் கம்பியைச் சுற்றுகிற மோட்டார் செத்துப்போய் வருசக்கணக்காயிற்று. மதுரை, கோயில்பட்டி, நாகர்கோவில் என்று நாலா திசைக்கும் பேசுகிற ஆள், மோட்டார் நின்ற நாளில் இருந்து இவன் ஒருத்தனோடு மாட்டிக்கொண்டார். நான் வந்து பாக்கட்டுமா என்று இவனும் கேட்டிருக்கிறான், கிடக்கட்டும் தம்பி, மழைக்குப் பொறவு பாப்போம் என்பார், எத்தனையோ மழை போயிற்று. அதனால்தான் ஞானதிரவியம் தினமும் வந்து செட் முன்னால் உட்காருவது. பொண்டாட்டி போன மனுசன், பேச ஒரு ஆள் கிடையாது, கம்பியும் ஒரே பக்கம், நாம போகலைன்னா காலையில அந்த மனுசன் யாருகிட்ட ஹலோ ஒன் டூ த்ரீ சொல்லுவார். கண் இரண்டும் மணல் போட்ட மாதிரி எரியும், உடம்பு பாயைத் தேடும், ஆனாலும் ஒரு கடமை மாதிரி. ரூபிகூடக் கேட்பாள், "எனக்கு வந்து வாச்ச சக்களத்தி மீசையோடயா வரணும்? தூங்குங்க மனுசா." வயசான ஆளுடி, பாவம்டி, நமக்காகவா உக்காருதேன் என்பான் இவன்.

"அந்தச் செட்டைக் கொஞ்சம் தள்ளி வைங்கப்பா, தட்டு வைக்க இடமில்ல." "அதத் தொடாத." "தொடலப்பா, தள்ளித்தான் வைக்கேன்." தட்டு வைக்கிற சத்தம். பருப்புக்குழம்பாக இருக்கும், குக்கர் மூன்று விசில் என்றால் பருப்புத்தான். கேட்கக் கூடாது. இது தனக்கென்று பேசின பேச்சில்லை. ராத்திரியில் கம்பெனி மேசையில் ஒரு சின்ன ஸ்கேனர் வைத்திருக்கிறான், கடலில் போகிற போட்டுக்காரர்கள் பேசுவது எல்லாம் விழும், எவன் வலை கிழிந்தது, எவனுக்கு வயிற்றுப்போக்கு, எவன் பெண்டாட்டி போனை எடுக்கவில்லை. விடிந்ததும் அதே ஆட்கள் ஐஸ் வாங்க வந்து முன்னால் நிற்பார்கள். ஒரு கண் அசைவில்கூடக் காட்டியது கிடையாது. காதில் தானாக விழுந்தது காதோடு கிடக்கணும், வாய்க்கு இறங்கக் கூடாது, இது யாரும் சொல்லிக் கொடுக்காமல் இந்தப் பழக்கத்தோடு வருகிற மரியாதை. ஆனால் போட்டுக்காரன் வயிற்றுப்போக்கும் இதுவும் ஒன்றா. குமிழைத் திருகி அடைத்துவிடலாம். கையில் செதில். முழங்கையால் அடைக்கலாம். இதற்கு முன்னால் எத்தனை தடவை முழங்கையால் அடைத்திருக்கிறான். "பிள்ளைங்க கேக்குதுங்கப்பா, தாத்தா ஏன் வர மாட்டேங்காங்கன்னு. நான் என்னன்னு சொல்லட்டும்? ஒரு பெட்டியக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்காருன்னா?" "பெட்டி இல்லட்டி." "பின்ன என்ன? டாக்டர் என்ன சொன்னாரு? தலைசுத்து இன்னொரு தடவ வந்தா தனியா இருக்கக் கூடாதுன்னாரா இல்லையா? அடுத்த தடவ பால்காரன் வாறதுக்கு முன்னால விழுந்தீங்கன்னா?" சோற்றைப் பிசைகிற சத்தம்கூடக் கேட்கிற மாதிரி இருந்தது, கேட்டிருக்காது, இவன்தான் பிசைந்துகொண்டான். பால்காரன் வந்துதான் எடுத்துத் தூக்கியிருக்கிறான். மனஸ்தாபம், பேசித் தீத்துக்கிட்டோம். பால்காரன். "எங்க அபார்ட்மென்ட்ல உங்களுக்குத் தனி ரூமு இருக்கு. கீழ பார்க் இருக்கு. ஒங்க மருமகனே நாலு தடவ போன் போட்டுக் கூப்பிட்டாரு." "கம்பி கட்ட விடுவாங்களா அங்க?" "விட மாட்டாங்க. விட மாட்டாங்கதான். அதுக்காக? அம்மா போனதுக்குக்கூட நீங்க இப்படி அடம் பிடிக்கலியே." செட் சூடேறிக்கொண்டிருக்கும் இப்போது. பின்பக்கத்துத் தகடு கை வைக்க முடியாமல். போன் அடிக்கணும். நாற்காலியை விட்டு எழுந்தாலே மைக் விடுபட்டுவிடும், எழுந்திருக்க மாட்டேன் என்கிறாரே மனுசன், சாப்பாடும் நாற்காலியிலேயே.

"எனக்கு என்னட்டி, செட்டு இல்லாட்டி டிவி பாத்துக்கிட்டுக் கிடப்பேன்" என்றார் அண்ணாச்சி. மென்றுகொண்டே பேசுகிற குரல். மைக்குக்கு என்று பேசுகிற கடைக்குரல் இல்லை இது, வீட்டுக்குரல், இத்தனை வருசத்தில் ஞானதிரவியம் கேட்டிராத ஒன்று, கொஞ்சம் சின்னதாக, கொஞ்சம் ஓட்டையாக. "அந்தத் தூத்துக்குடிப் பயலுக்குத்தான். ராத்திரி பூரா ஐஸ் கம்பெனியில நிக்கான். வீட்டுக்கு வந்தா பொண்டாட்டி வேலைக்குப் போயிருவா. அந்த மெசின் சத்தம் காதுக்குள்ளயே ஓடுமாம், தூக்கமே வராதாம். என் குரலக் கேட்டாத்தான் அது நிக்கும்னு ஒரு தடவ அவனையறியாமச் சொல்லிட்டான். அவனுக்கே ஞாபகம் இருக்காது. நான் போயிட்டா காலையில அவன் யாரத் தேடுவான், சொல்லு." "அவருக்காகவா?" "நாலு திசைக்கும் ஆளு இருந்துச்சு எனக்கு. மதுரைக்குத் திருப்பினா பத்துப் பேரு. இவனுக்கு நான் ஒருத்தன்தான். மோட்டார் செத்துப் போச்சுன்னு சொல்லி வச்சிருக்கேன், கம்பி தூத்துக்குடியப் பாத்தே நிக்கட்டும்னு." "மோட்டார் கெட்டுல்லாப்பா போச்சு?" "எவ சொன்னா? மோட்டார் நல்லாத்தான் இருக்கு." கோதை சிரித்தாள். சிரித்ததா அழுததா, நல்ல செட் அது, சின்னச் சத்தத்தையும் விடாது, இருந்தும் அந்த ஒரு சத்தம் மட்டும் பிடிபடவில்லை. "நீங்க ரெண்டு பேரும் கல்யாணம் பண்ணியிருக்கலாம்ப்பா" என்றாள் அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

மீன் வாடை. கையில் இருந்து இறங்கி முழங்கை வரைக்கும் காய்ந்த செதில்கள், ஜன்னல் வெளிச்சத்தில் சின்னச் சின்னக் கண்ணாடிகளாக. எப்போது சொன்னேன். ஒரு தடவை என்றால் எந்தத் தடவை. மழைக்காலமாக இருக்கும், கரண்ட் போய்க் கம்ப்ரசர் நின்று நின்று ஓடிய அந்த வாரம், அப்போது மூன்று நாள் தூங்காமல் என்னத்தையோ உளறினான். உளறினதை ஒருத்தர் எடுத்து வைத்துக்கொண்டு அதன்மேல் ஒரு வீட்டையே நிறுத்தி வைத்திருக்கிறார். கடமை கடமை என்று இவன் இங்கே வந்து உட்கார, அவர் அங்கே இவனுக்காக உட்கார்ந்திருந்தார். இரண்டு பேரும் மற்றவனுக்காகத்தான் என்று முழித்துக்கொண்டு. ஐயோ என்று வந்தது, கூடவே ஒரு இதம், அம்மோனியாக் காற்றில் இருந்து வெளியே வந்து முதல் மூச்சு விடுகிற மாதிரி, தனக்கென்று ஒரு கம்பி இத்தனை நாள் வேண்டுமென்றே நின்றிருக்கிறது. சந்தோசம்தான், மானங்கெட்ட சந்தோசம், அதைத் தின்னத் தின்ன அடியில் பால்காரன் வந்து நின்றான். இவனைத் தூங்க வைப்பதற்காகத்தான் அந்த மனுசன் நனைந்த தரையில் கிடந்தார். போன் அடிக்காதே என்று ஒரு யோசனை. அடிக்காதே. சும்மா நில். இன்னும் கொஞ்ச நேரம், அவர் சோறு தின்று முடிக்கிற நேரம், அந்த டிரான்சிஸ்டர் தானாகப் போய்விடும், கோழி இறகு வாடை அடிக்கும், கோதை ஜன்னலைத் திறப்பாள், அவ்வளவுதான், செட் இல்லை, உதிரி கிடையாது, சொல்வதற்குச் சாக்கும் கிடையாது, மகளோடு ரயில் ஏறிவிடுவார், கீழே பார்க், பேரப்பிள்ளைகள், விழுந்தால் தூக்க நாலு கை. யாரும் யாரையும் போகச் சொல்ல வேண்டாம். சூடு பார்த்துக்கொள்ளும். அவருக்கு நல்லதுதானே, உண்மையில் நல்லதுதானே. தன் செட் செத்த அன்றைக்கு ஞானதிரவியம் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தான், ரூபி பயந்துபோய் யாருக்கு என்னாச்சு என்று கேட்டாள். அண்ணாச்சியின் செட்டில்தான் ஆண்டாளம்மாவின் குரலும், அதற்கு அவர் சொன்ன சும்மா இருட்டியும் எல்லாம் வந்தது. அது வெந்துகொண்டிருக்கும்போது கையில் செதில் என்று சொல்லி நிற்கிறவன் எந்த ஜாதி மனுசன். கழுவினால் நேரமாகும் என்று கைலியிலேயே இரண்டு கையையும் துடைத்துக்கொண்டு சட்டையைத் தேடி ஓடினான், கைலி நாறட்டும், ரூபி திட்டட்டும்.

மணி அங்கே அடிப்பது செட்டில் கேட்டது, தான் அடிக்கிற மணி தனக்கே திரும்பி வருவது. "யாருப்பா?" "ஞானம். தூங்குத நேரத்துல இவன் எதுக்கு…" எடுத்தார். "என்ன தம்பி" என்பது காதிலும் செட்டிலும் ஒரே நேரத்தில் விழுந்தது, இவன் வாயைத் திறந்ததும் இவன் குரல் அவர் போனில் நுழைந்து, அவர் மைக்கில் ஏறி, இவன் செட்டில் வந்து, திரும்பவும் இவன் போனில் புகுந்து, ஒரு ஊளையாகக் கிளம்பியது. பின்வாசலுக்கு ஓடினான். "அண்ணாச்சி, மைக்கு. மைக்கு மேல உக்காந்திருக்கீங்க. எந்திங்க, செட்டு வெந்துரும்." அந்தப் பக்கம் நாற்காலி பதறியது. "அடப் பாவி. தொடைக்கு அடியில. எத்தன நேரமா?" ஞானதிரவியத்தின் வாயில் பதில் ஏற்கெனவே வந்து நின்றது. "இப்பத்தான் அண்ணாச்சி. செட்டுப் பக்கமே இல்ல நான், மீன் கழுவிக்கிட்டு இருந்தேன். விசில் கேட்டுச்சு, அவ்வளவுதான்." முன்னறையில் இரைச்சல் திரும்பி வந்தது, தண்ணீர் திறந்துவிட்ட மாதிரி. "பின்னால தொட முடியல, தீயாச் சுடுது. பிழைச்சுக்கிடுச்சுன்னு நினைக்கேன். இரு, செட்டுலயே வாரேன்."

வந்தார். ஹலோ, ஒன், டூ, த்ரீ. கடைக்குரல். உயிரோடுதான் இருந்தது செட், சிக்னல் முழுசாக. ஞானதிரவியம் தன் மைக்கைக் கையில் எடுத்தான், அதுவும் இனி ஒரு வாரத்துக்குச் சாளை நாறும். என்ன சொல்வது என்று யோசிக்காமலே சொல்லத் தொடங்கிவிட்டான், பெரிய பொய்கள் அப்படித்தான் வரும் போலிருக்கிறது, சின்னதுக்குத்தான் யோசனை வேண்டியிருக்கிறது. கம்பெனியில் ஆள் மாற்றுகிறார்கள் என்றான். அடுத்த வாரத்தில் இருந்து தனக்குப் பகல் ஷிப்ட் என்றான். ராத்திரி ரூபியோடு வீட்டில்தான், நல்லாத் தூங்கலாம், காலையில்தான் செட்டுப் பக்கம் வர முடியாது. "நீங்க எனக்காகக் காத்துக்கிட்டு உக்காந்திருக்கக் கூடாதுன்னுதான் இப்பவே சொல்லுதேன் அண்ணாச்சி. மோட்டாரைப் போட்டுக் கம்பிய மதுரைப் பக்கம் திருப்பிக்கோங்க, அங்கன நிறைய ஆளு இருப்பாங்க பேசுததுக்கு." விசையை விட்டான். இரைச்சல். இரைச்சல் நீண்டது. அவர் பதில் பேச எடுத்துக்கொள்கிற நேரத்தை விட நீண்டது, அப்போதுதான் தன் வாய் என்ன சொன்னது என்று அவன் காதுக்கு எட்டியது. மோட்டாரைப் போட்டு. செத்துப்போன மோட்டாரை. மைக்கை அமுக்கி, ஓடாதுல்ல, மறந்துட்டேன் என்று சொல்லலாம். அமுக்கவில்லை. இரைச்சல் நின்றது. அங்கே விசை அமுங்கியிருந்தது, பேச்சு வரவில்லை, அந்த மின்விசிறி மட்டும் கிறீச் கிறீச். அப்புறம் செருமல்.

"அப்ப விசில் மட்டும் கேக்கல" என்றார் அண்ணாச்சி.

"இல்ல அண்ணாச்சி."

"பகல் ஷிப்டு?"

இவன் விசையை அமுக்கினான், விட்டான். அங்கே அது போய்ச் சேர்ந்திருக்கும், ஒரு அமுக்கல், ஒரு விடுதல். சொல்லாமல் விட்டதும் சத்தமாகத்தான் போகும் இந்தச் சாமானில். "சரி" என்றார் அவர். "கேட்டது கேட்டாச்சி. கோதை இங்கன நின்னு சிரிக்கா. ஒரு வேல செய்வோம். இத்தன வருசமாத் தொடாத மோட்டாரு, துரு பிடிச்சிருக்கான்னு பாப்போம். நான் பேசிக்கிட்டே திருப்புதேன், நீ எப்படிக் கேக்குன்னு சொல்லு." ஏதோ ஒரு விசை சொடுக்கென்றது. "இப்ப?" முகப்பில் கோடுகள் முழுசாக நின்றன. "நல்லாக் கேக்கு அண்ணாச்சி." "இப்ப?" ஒரு கோடு போயிற்று. இன்னொன்று. அவன் கண்ணை மூடிக்கொண்டான், பஸ் ஜன்னலில் பார்த்த அந்த மீன் முள் இப்போது வெயிலில், தண்ணீர்த் தொட்டிக்கு மேலே, கிரீஸ் காய்ந்துபோன பல்லோடு அனத்திக்கொண்டு, கிழக்கில் இருந்து மெல்ல மெல்ல முகத்தைத் திருப்புகிறது. "குறையுது அண்ணாச்சி." "இப்ப?" குரலின் ஓரங்களில் மணல் விழத் தொடங்கியது. கோயில்பட்டி போயிருக்கும். மதுரை. "இப்ப எப்படி…" என்பது பாதி, மீதியை இரைச்சல் தின்றது. அதற்கு மேல் வந்ததெல்லாம் இரைச்சல்தான், சும்மா கொதிக்கிற அலைவரிசை, அவன் இத்தனை காலம் திறந்தே வைத்துப் பழகிய அதே சத்தம். இப்படித்தான் இருக்கப் போகிறது என்று அதன் முன்னால் உட்கார்ந்து பார்த்தான். பயம் வருகிறதா என்று பார்த்தான். கொஞ்சம் வந்தது. கம்ப்ரசர் ஓடியது காதில். தேய்ந்து போன பேரிங்கோடு அது ஓடுகிறது, அவ்வளவுதான், அதை வைத்துக்கொண்டும் ஒரு மனுசன் பாயில் படுக்கலாம். ரூபியிடம் சொல்லிப் பார்க்கலாம். அவள் கிளம்புவதற்கு முன்னால் அந்தப் பஞ்சைக் கொஞ்சம் விலக்கி, காலையில எனக்குத் தூக்கம் வரமாட்டேங்குட்டி என்று ஒரு வாக்கியம். இருபது வருசத்தில் பாளையங்கோட்டைக்காரருக்குத் தெரிந்தது அவளுக்குத் தெரியாது.

மணலுக்குள் இருந்து ஒரு எழுத்து, அப்புறம் ஒரு சொல், கோடுகள் ஒவ்வொன்றாக எழுந்து வந்தன. "…ப எப்படி இருக்கு?" "முழுசா இருக்கு அண்ணாச்சி." "பாத்தியா, சிங்கம் மாதிரி ஓடுது. துரு கிடையாது." மூச்சு வாங்கினார். "தை பிறக்கவும் கோதை கூடப் போறேன் தம்பி. போனு இருக்கு, பேசுவோம், அது போனுதான் ஆனாலும் பேசுவோம். அதுக்கு முன்ன ஒரு நா நீயும் ஒன் வீட்டுக்காரியும் இங்க வந்து சாப்பிடணும். பஸ்ஸுல போறப்ப அண்ணாந்து பாத்துட்டு இறங்காமப் போற சோலியெல்லாம் வேண்டாம்." அதை யார் சொன்னது. அதையும் எந்த மழைக்காலத்தில் உளறினேன். "கம்பியக் கழட்டி ஒனக்கு அனுப்புதேன். மோட்டாரோட. ஒன் மாடியில நிறுத்தி, பெங்களூரப் பாத்துத் திருப்பி வச்சுக்கோ."

"அவ்வளவு தூரம் எட்டாதே அண்ணாச்சி."

"எட்டாட்டி என்னல. பாத்துக்கிட்டு நிக்கட்டும்."

பின்னால் கோதை ஏதோ சொன்னாள், சும்மா இருட்டி என்றார் அவர், விசையை அமுக்கியபடியே. "சோறு ஆறுது. ஸ்டேண்ட் பை, தம்பி, இப்ப வாரேன்." இரைச்சல். ஞானதிரவியம் குமிழைத் தொடவில்லை, ஓடட்டும் என்று விட்டுவிட்டுப் பின்வாசலுக்கு வந்தான். சட்டிக்குள் குனிந்திருந்த வெள்ளைப் பூனை இவனைக் கண்டதும் வாயில் இருந்ததோடு மதில் ஏறியது. எத்தனை போயிற்றோ, ரூபி எண்ணி வாங்குகிறவள், சாயந்தரம் கேட்பாள், அவளிடம் சொல்லவும் கொஞ்சம் இருக்கிறது. பலகைக் கட்டையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். கத்தியைத் தண்ணீரில் முக்கி எடுத்து, பாதி சீவியபடி கிடந்த சாளையை வாலில் பிடித்து, விட்ட இடத்தில் இருந்து சீவத் தொடங்கினான்.